அந்த மனிதரிடம் சொன்னார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில், ஏழாம் பக்கத்தின் அடியில், எங்கள் ஊர் ரத்ததான முகாம் பற்றி ஆறு வரிச் செய்தி வந்திருந்தது. ‘எதிர்பார்த்த அளவுக்குக் கொடையாளர்கள் வரவில்லை’ என்று முடிந்திருந்தது. ஏன் வரவில்லை என்பது காலை முதல் மாலை வரை அங்கே நின்றிருந்த எனக்குத் தெரியும். அதைச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். முயலைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். சித்திரையில் அம்மன் கோயில் கொடைவிழா முடிந்த மறுநாள், பள்ளிக்கூட வராந்தாவில் இளைஞர்கள் முகாம் நடத்துவது ஒன்பது ஆண்டு வழக்கம். கொடைக்கென்று கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். சென்ற ஆண்டு 62 பைகள் சேர்ந்தன. இந்த ஆண்டு 19. கொடைக்கு முந்தின நாள் இரவு எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. ‘உங்கள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்து, இம்யூனோகுளோபுலின் என்று பெயர் போட்டு, சின்னச் சின்னப் புட்டிகளில் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விற்கிறார்கள். கொடுத்தவனுக்கு அந்தச் சக்தி திரும்ப வராது. நோயாளிக்கு என்று சொல்வதெல்லாம் ஏமாற்று.’ இதுதான் அதன் சாரம்.

என் அண்ணன் மகன்தான் முகாமின் பொறுப்பாளன். என் முன்னால் வந்து நின்று, “அத்தை, நீங்கள் ரத்த வங்கியில் 31 வருடம் இருந்தவர்கள். இது பொய் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்றான். வில்லுப்பாட்டுக்காரர்கள் விட்டுப்போன மைக் இன்னும் கோயில் வாசலில் இருந்தது. நான் போகவில்லை. ‘பொய்’ என்று ஒற்றைச் சொல்லில் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிவில் பொய் நிறைய இருக்கிறது. நடுவே ஓர் உண்மையும் இருக்கிறது. அந்த உண்மையை நாங்களே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டோம்.

முதலில் பொய்யை எடுத்துக்கொள்கிறேன்.

இம்யூனோகுளோபுலின் என்பது நம் ரத்தத்தின் தெளிந்த பகுதியில் கரைந்திருக்கும், கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள் புரதங்களின் பொதுப்பெயர். ஜி, ஏ, எம், டி, இ என்று ஐந்து வகை. அவற்றில் முக்கால் பங்கு ‘ஜி’ வகை. கர்ப்பத்திலிருக்கும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேருவது அது ஒன்றுதான். ‘ஏ’ வகை சீம்பாலில் நிறைந்திருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்கும் பழக்கத்தை எங்கள் பக்கத்துப் பாட்டிமார் விட்டது இந்த ஒரு தலைமுறையில்தான். ‘எம்’ வகை பெரிய உருவம், ஐந்து அலகுகள் சேர்ந்தது, தொற்று வந்ததும் முதலில் தலைகாட்டுவது.

முகாமில் ஒருவரிடம் எடுப்பது 350 மில்லி, எடை கூடுதலாக இருந்தால் 450 மில்லி. அந்த 350 மில்லியோடு போகும் ‘ஜி’ வகைப் புரதம் ஏறத்தாழ 2 கிராம். உடம்பு இதை எந்நேரமும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், உடம்பிலுள்ள ‘ஜி’ வகையில் பாதி சுமார் 21 நாளில் அழிந்து, அந்த இடத்தில் புதியது வருகிறது. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்ற விதி சிவப்பணுவையும் இரும்புச் சத்தையும் கருதி வைத்தது, எதிர்ப்பொருளுக்காக அல்ல. ஆக, கொடுத்தவனுக்குச் சக்தி திரும்பாது என்பது கலப்படமில்லாத பொய். அதை மைக்கில் சொல்லியிருக்கலாம்தான்.

ஆனால் ‘ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் போகிறது’ என்பதை எப்படிப் பொய் என்பேன்? மனித ரத்தத்தின் இம்யூனோகுளோபுலின் இல்லாமல் எங்கள் ரத்த வங்கியே ஒரு நாள் நடந்ததில்லை.

1990-களின் தொடக்கம். நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாய்க்கு இரண்டாவது பிரசவம். தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், பிள்ளைக்கு பாசிட்டிவ். பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளை மஞ்சளடித்துவிட்டது. தொப்புள்கொடி ரத்தம் ஒரு சோதனைக்குழாயில் என் கைக்கு வந்தது. சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவினேன். கழுவிய அணுக்களின் மேல் இரண்டு சொட்டுப் பச்சை மருந்தை விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாயை மெதுவாகத் தட்டினேன். கலங்கிக் கரைய வேண்டிய அணுக்கள் ஒரே கட்டியாக அடியிலிருந்து பெயர்ந்து வந்தன. தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றிரவே பிள்ளைக்கு ரத்தம் மாற்றினார்கள். பிள்ளை பிழைத்தது.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் தாத்தா ஆய்வகத்துக்கு வந்தார். வாழை விவசாயி. தோளில் ஓர் ஏத்தன் தார். அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, “தாயி, அந்தப் பச்சைத் தண்ணீர்தான் காட்டிக்கொடுத்தது என்று டாக்டரம்மா சொன்னார்கள். அது என்ன மருந்து?” என்று கேட்டார். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது என்றேன். சாயம் சேர்ப்பதால் பச்சை. அடையாளம் மாறிவிடக் கூடாது என்பதற்காகச் சேர்ப்பது. “முயலுக்கு மனுசன் ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும்?” என்றார். நல்ல கேள்வி. பொறுமையாகச் சொன்னேன்: ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து இந்த எதிர்ப்பொருள் புரதத்தைப் பிரித்து முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். முயலின் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து, அதற்கு எதிராக ஒரு பொருளைச் செய்யும். அந்தப் பொருள் மனித எதிர்ப்பொருளை எங்கே கண்டாலும் பற்றிக்கொள்ளும். இதை 1945-இல் இங்கிலாந்தில் கூம்ஸ், மூரண்ட், ரேஸ் என்ற மூவர் சோதனையாக உருவாக்கினார்கள். அதில் கூம்ஸ் கால்நடை மருத்துவம் படித்தவர். அவர் பெயரால்தான் இன்றும் கூம்ஸ் சோதனை என்கிறோம்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “முதலில் முயலுக்குக் கொடுத்தாரே ஒரு மனுசன், அவரிடம் சொன்னார்களா?”

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒருவர் இருந்திருப்பார் என்பதே அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என் மனதில் உருவம் கொண்டது. புட்டியின் மேல் முயல் என்று இருந்தது, தயாரித்த தேதி இருந்தது, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி இருந்தது. மனிதரைப் பற்றி ஒன்றும் இல்லை.

அதன் பிறகு எங்கு பார்த்தாலும் அந்த மனிதரைக் கண்டேன். கூம்ஸ் சோதனையில் ‘இல்லை’ என்று முடிவு வந்தால், அந்த முடிவு சரிதானா என்று பார்க்க இன்னொரு சொட்டு விட வேண்டும். எதிர்ப்பொருள் பூசிய ‘ஓ பாசிட்டிவ்’ அணுக்கள் அவை. எங்கள் ஆய்வகத்திலேயே செய்வோம்: அணுக்களைக் கழுவி, மனித எதிர்ப்பொருளுடன் 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, மறுபடி கழுவி எடுப்போம். அந்தக் காலத்தில் ஆர்எச் வகை பார்க்கும் ‘ஆன்டி-டி’ எதிர்ப்பொருளே (முன்பு சொன்ன ஐந்து வகையில் வரும் ‘டி’ அல்ல, இது வேறு) மனிதர்களின் சீரத்திலிருந்து, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரிலிருந்து, வந்ததுதான். கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் கண்டுபிடித்த முறையால் இன்று அதை அணு வளர்ப்பிலேயே தயாரித்துவிடுகிறார்கள். நல்ல முன்னேற்றம். ஆனாலும் மனிதரிடமிருந்து வரும் தேவை முற்றாக ஒழியவில்லை.

2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவிய நாள்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘எம்’ வகை எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த நோயைக் கண்டறியும் வழிகளில் ஒன்று. அந்தச் சோதனைத் தட்டின் 96 குழிகளிலும், மனிதரின் ‘எம்’ வகையை மட்டும் பற்றிப் பிடிக்கும் பொருள் பூசியிருக்கும். அதைத் தயாரிக்கவும் முதலில் ஒரு மனிதரின் ‘எம்’ வகைப் புரதம் தேவைப்பட்டிருக்கும். 2020-இல் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் கொரோனாவுக்கு உருவாக்கிய கோவிட் கவச் எலிசா என்ற தட்டுச் சோதனையும் ‘ஜி’ வகையைத் தேடியதுதான். நீலமாகி, அமிலம் விட்டதும் மஞ்சளாகும் ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் பெயர் தெரியாத ஒருவர் இருக்கிறார்.

ஆராய்ச்சியில் இதன் வேலை இன்னும் எளிமையானது, அதே சமயம் இன்றியமையாதது. ஒரு நோயாளியின் எதிர்ப்பொருள் நரம்பணுவைத் தாக்குகிறது என்று ஆய்வாளர் சொன்னால் நான் கேட்பேன்: நோயில்லாதவரின் எதிர்ப்பொருளை அதே அளவில் விட்டுப் பார்த்தீர்களா? பார்க்காவிட்டால் அந்த ஆய்வுக்கு மதிப்பில்லை. அந்த ஒப்பீட்டுக்குத்தான் நலமானவர்கள் பலரின் ரத்தத்திலிருந்து பிரித்த தூய ‘ஜி’ வகை வேண்டியிருக்கிறது. ஒருவர் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவும் அளவு தெரிந்த ஒன்று கையில் இருந்தாக வேண்டும். படிக்கல் இல்லாமல் தராசு எதற்கு?

எவ்வளவு தேவைப்படும் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குரல் பதிவைக் கேட்டவர்கள் லாரி லாரியாக ரத்தம் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 96 குழிகளுக்கும் சேர்த்துப் பத்து மைக்ரோகிராம் போதும் என்ற சோதனைகள் உண்டு. ஒரு பையில் 2 கிராம் என்றேன். பிரிக்கும்போது பாதி வீணானாலும், மீதியில் ஒரு லட்சம் தட்டுகள்.

பிரிப்பதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். பட்டமேற்படிப்பு மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டுக்காக எங்கள் மேசையின் ஓரத்தில் செய்தாள். பனிக்கட்டியில் வைத்த சீரத்தில் அமோனியம் சல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கிளறிக்கொண்டே இருந்தாள். பாதி அளவு சேர்ந்ததும் பால் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரண்டது. என் அம்மாவுக்குத் திசையன்விளை. பங்குனி, சித்திரையில் ஆச்சி பதநீர் காய்ச்சும்போது அடுப்பருகே உட்கார்ந்து பார்த்தவள் நான். கொதி, நுரை, பாகு, சிரட்டையில் ஊற்றும் நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம் உண்டு. ஒரு பதம் தவறினால் கருப்பட்டி இறுகாது. ரத்தப் புரதங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் பதத்தில் தனியே இறங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் எட்வின் கோன் குளிர்ந்த ஆல்கஹாலையும் அமிலத்தன்மையையும் படிப்படியாக மாற்றி ரத்தப் பிளாஸ்மாவை இப்படித்தான் பிரித்தார். அந்த வழியில் கிடைத்த காமா குளோபுலினைத்தான் 1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற மருத்துவர், உடம்பில் எதிர்ப்பொருளே ஊறாத ஒரு சிறுவனுக்குக் கொடுத்து அவனைத் தொடர் தொற்றிலிருந்து மீட்டார். நாய்க்கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிறார்களே, அந்த ரேபிஸ் இம்யூனோகுளோபுலினில் மனித ரத்தத்திலிருந்து எடுப்பதும் ஒரு வகை. குதிரையிலிருந்து எடுப்பது இன்னொன்று.

அந்த மாணவிக்கு 60 சோதனைக்குழாய்ச் சீரம் கொடுத்தது நான்தான். சோதனை முடிந்து எறிய வேண்டிய மிச்சம். பெயர்களைக் கிழித்துவிட்டு எண்கள் மட்டும் ஒட்டிக் கொடுத்தேன். அது மட்டுமல்ல. சனிக்கிழமைதோறும் மிச்சச் சீரங்களில் தொற்று இல்லாதவற்றை ஒன்றாகச் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, மறுவாரச் சோதனைகளுக்கு ஒப்பீட்டுச் சீரமாகப் பயன்படுத்துவோம். பல ஆய்வகங்களின் வழக்கம்தான், விதிக்குப் புறம்பானதும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையும், அடையாளம் நீக்கப்பட்ட மிச்ச மாதிரிகளை ஆய்வுக்கு எடுக்கும்போது தனி ஒப்புதல் வேண்டாம் என்று நெறிமுறைக் குழு முடிவெடுக்க இடம் தருகிறது. எல்லாம் சரி. ஆனால் அந்த 60 பேரில் ஒருவரிடமாவது நான் கேட்டேனா? இல்லை. களக்காட்டுப் பெரியவர் கேட்ட பிறகும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

விலை பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். சில மில்லிகிராம் அடங்கிய புட்டிக்கு ஆயிரக்கணக்கில் விலை போடுகிறார்கள் என்பது உண்மை. பிரிப்பதற்கும், தூய்மை பார்ப்பதற்கும், கொடையாளர் ஒவ்வொருவரின் ரத்தத்திலும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி இல்லை என்று சோதிப்பதற்கும், குளிரில் அனுப்புவதற்கும் ஆகும் செலவு பெரிது. லாபமும் அதில் இருக்கும். அதற்காகக் கொடையாளருக்குப் பணம் கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். பணத்துக்கு ரத்தம் விற்றவர்களைக் கண்ணால் கண்டவள் நான். மருத்துவமனை வாசல் டீக்கடையில் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். கண்ணின் கீழிமை வெளுத்திருக்கும். ஹீமோகுளோபின் பார்க்கும் செப்பு சல்பேட் கரைசலில் அவர்கள் ரத்தத்துளி மூழ்காமல் மேலேயே நிற்கும். திருப்பி அனுப்பினால் அடுத்த ஊருக்குப் போவார்கள். உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4 அன்று தந்த தீர்ப்பை ஒட்டி, 1998 ஜனவரி 1 முதல் அந்த முறைக்குத் தடை வந்தது. அது திரும்பவே கூடாது. ஆனால் பணம் கொடுக்காமல் வாங்குகிறவர்கள் சொல்லியாவது வாங்க வேண்டாமா?

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 2025-இல் தம் 88-வது வயதில் காலமானார். பதினான்கு வயதில் நெஞ்சு அறுவைச் சிகிச்சையின்போது பிறர் ரத்தத்தால் பிழைத்தவர். 1954 முதல் 2018 வரை 1173 முறை ரத்தமும் பிளாஸ்மாவும் கொடுத்தார். அவர் ரத்தத்தில் அரிதான ‘ஆன்டி-டி’ எதிர்ப்பொருள் நிறைந்திருந்தது. களக்காட்டுப் பிள்ளைக்கு வந்ததே, அந்த நோய் வராமல் தடுக்கும் ஊசிக்கு அதுதான் மூலம். ஆய்வாளர்கள் அவரிடம் வந்து, உங்கள் ரத்தத்தில் இன்னது இருக்கிறது, இன்னதற்கு வேண்டும் என்று கேட்டார்கள். அவர் சம்மதித்தார். தன் ரத்தம் எங்கே போகிறது என்று தெரிந்த மனிதர் அதன் பிறகும் அரை நூற்றாண்டுக் காலம் கை நீட்டினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு குரல் பதிவைக் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டதற்கு, அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லாததுதான் காரணம்.

முகாமில் அன்று கொடுத்த படிவத்தை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் நோய் விவரங்கள் தமிழில் இருந்தன. பின்பக்கம் ஒப்புதல் பகுதி ஆங்கிலத்தில், கண்ணில் எண்ணெய் விட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. மிச்சத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். ஒருவரைக் குறை கூற எழுதவில்லை. பிளஸ் டூ படித்த பையனும், பீடி சுற்றும் பெண்ணும், கோரைப்பாய் நெய்யும் அக்காவும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்ளும்படி தமிழில் ஒரு வரி போதும். நானே எழுதிப் பார்த்தேன்:

‘நான் தரும் ரத்தத்தில் நோயாளிகளுக்குப் பயன்பட்டது போக மீதமாவதை, என் பெயரும் விவரமும் நீக்கப்பட்டு, மருந்து தயாரிக்கவும் நோயறியும் சோதனைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம் / பயன்படுத்த வேண்டாம்.’

இரண்டில் ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ‘வேண்டாம்’ என்றவரின் பையையும் அதே மரியாதையோடு வாங்க வேண்டும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் முகாம் நடத்துகிற மன்றங்களும் கல்லூரிகளும், தங்களிடம் வரும் ரத்த மையங்களை இந்த ஒரு வரிக்காகக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசும் மாநிலம் முழுவதற்கும் இதைப் பொதுப் படிவத்திலேயே சேர்க்க வேண்டும். மைக்கில் பேசுகிறவர்கள் ‘ஒரு துளி மூன்று உயிர்’ என்று கத்துவதை நிறுத்திவிட்டு, ரத்தம் எங்கெங்கே போகிறது என்று இரண்டு நிமிடம் சொல்லட்டும். பயந்து ஓடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். முகாமன்று மாலை நான் என் அண்ணன் மகனையும் அவன் நண்பர்கள் ஏழு பேரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, இங்கே எழுதியதையெல்லாம் முயல் உட்படச் சொன்னேன். அவர்களில் ஐந்து பேர் எழுந்து போய்ப் படுத்துக் கையை நீட்டினார்கள். அந்த 19-இல் அவர்களும் அடக்கம். ஒருவன் வேண்டாம் என்றான். அவனுக்கும் என் கையால் ஒரு தம்ளர் மோர் கொடுத்தேன்.

நானும் அன்று கொடுத்தேன். 65 வயதாக எனக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. என் 120 நாள் ஆவணியில் முடிகிறது. அடுத்த முறை படிவத்தில் அந்த வரி அச்சாகி வந்திருந்தால் மகிழ்வேன். இல்லையென்றால் பேனாவால் நானே கீழே எழுதி, ‘வேண்டாம்’ என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி ஆய்வக நுட்புநர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.